முள்ளில்லாத மீனும் எட்டுப் புதன்கிழமைகளும்

தம்பி,

ஐந்து கிழமைக்கு முன்னால், ஒரு புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, என் வீட்டு மேசையில் நான் பிசைந்து ஊட்டிய சோற்றில் இருந்த விளைமீன் முள் உன் மகனின் தொண்டையில் சிக்கியது. அன்று மாலை ஆறு மணிக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவனை மயக்கி அந்த முள்ளை எடுத்தார்கள். அவன் இப்போது நன்றாக இருக்கிறான். இவ்வளவும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒரு பகுதி இதில் இருக்கிறது. என் மருமகள் ஆரணிக்கு அதை நேற்றுச் சொல்லிவிட்டேன். உனக்கு நானே எழுத வேண்டும் என்று அவள் சொன்னாள். தொலைபேசியில் என்றால் நீ இடையில் "பரவாயில்லை அப்பா" என்று சொல்வாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விழுங்கிவிடுவேன். அதனால்தான் கடதாசி எடுத்திருக்கிறேன். வாசித்து முடிக்கும்வரை நீ ஒன்றும் சொல்ல முடியாது.

உன் "பரவாயில்லை"தான் எனக்குப் பயம். நீ கத்தியிருந்தால் நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன், மூன்றாம் நாள் சரியாகியிருக்கும். நீ கத்தவில்லை. முதல் கிழமை "அகரனுக்குக் கொஞ்சம் தடிமன், இந்தப் புதன் வேண்டாம் அப்பா" என்றாய். அடுத்த கிழமை ஆரணி வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள் என்றாய். மூன்றாம் கிழமை காரணமே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலாம் கிழமை, ஆராவில் உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கீட்டாவில், அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில், புதன்கிழமைக்கு ஓர் இடம் வந்திருக்கிறது, மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் வாய்தவறிச் சொன்னாய். முப்பது வருடம் கடை நடத்தியவனுக்கு இது விளங்காதா? கோபித்துக்கொண்டு போகிற வாடிக்கையாளர் திரும்பி வருவார். சிரித்தபடி "பிறகு வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருக் கடைக்குள் போகிறவர் வரமாட்டார். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரணி ரயிலில் வந்து, பூம்ப்ளிஸில் எங்கள் வீட்டில் அகரனை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள், ஐந்தரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாள். அந்த ஒன்பதரை மணித்தியாலம்தான் என் கிழமை. மற்ற நாட்கள் அதற்காகக் காத்திருக்கிற நாட்கள். அந்தப் புதன்கிழமை போய்விடுமோ என்ற பயத்தில்தான் இந்த ஐந்து கிழமையும் நான் நடமாடினேன். அந்தப் பயத்திலேயேதான் இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை வாசித்த பிறகு நீ அதை எடுத்துவிடலாம்.

அன்று நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அம்மா கீழே கடையில் நின்றாள். நான் விளைமீன் சொதியில் சோற்றைக் குழைத்து, மீனை விரலால் உதிர்த்து, முள் பார்த்து ஊட்டினேன். பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். எத்தனை குடும்பத்துக்கு மீன் வெட்டிக் கொடுத்த கை இது. கண்ணை மூடிக்கொண்டு முள்ளெடுப்பேன் என்று கடையில் சொல்லித் திரிந்தவன் நான். விரல் நுனி முந்தி மாதிரி இல்லை என்பது எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். சட்டைப் பொத்தான் பூட்டும்போது தெரியும், ஊசியில் நூல் கோர்க்கும்போது தெரியும். யாருக்கும் சொல்லவில்லை. ஏழாவது வாயோ எட்டாவது வாயோ, அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அப்பப்பா, குத்துது" என்றான். நான் அந்த நேரமே ஆரணிக்குத் தொலைபேசி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. வெறும் சோற்றை உருட்டி, "மெல்லாமல் விழுங்கு ராசா" என்று கொடுத்தேன். பிறகு இன்னோர் உருண்டை. எங்கள் வீடுகளில் முள் சிக்கினால் சோற்றுருண்டைதான், அதற்கும் போகாவிட்டால் வாழைப்பழம். அவன் அழுகையை நிறுத்தினான். முள் போய்விட்டது என்று நானே தீர்மானித்து அவனைப் படுக்க வைத்தேன். இரண்டரைக்கு எழும்பினான். எச்சிலை விழுங்க மாட்டாமல் வாயைத் திறந்தபடி அழுதான். அப்போதும் நான் யாருக்கும் அடிக்கவில்லை. இரண்டே முக்காலுக்கு அரை வாழைப்பழத்தைத் துண்டு துண்டாக அவனுடைய வாய்க்குள் வைத்து விழுங்கப் பண்ணினேன்.

மூன்று மணிக்கு அம்மா மேலே வந்தாள். தோலை அதற்குள் குப்பைக்குள் போட்டிருந்தேன்.

"என்னப்பா இது, பிள்ளைக்கு வீணீர் வடியுது. என்ன குடுத்தனீங்கள்?"

"மீன் முள்ளுப் போல."

"போலவோ? எழும்புங்கோ, டாக்சிக்கு அடிக்கிறன்."

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பேனையும் கடதாசியுமாக வந்து, பிள்ளை கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டார். பன்னிரண்டு மணிக்கு என்றேன். அதற்குப் பிறகு ஏதாவது? இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார். ஆரணி வேலையிலிருந்து ஓடிவந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். ஐந்து மணிபோல் மயக்க மருந்து கொடுக்கிற பெண்மணி வந்து அவளுக்கு விளங்கப்படுத்தினார். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து சுவாசப்பைக்குள் போகலாம், அது ஆபத்து, அதனால் சாப்பிட்டு ஆறு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும், பன்னிரண்டு மணி என்றபடியால் ஆறு மணிக்குச் செய்யலாம் என்றார். எனக்கு அந்த அளவு ஜேர்மன் நன்றாக விளங்கும். அவர் போன பிறகு ஒரு மணித்தியாலம் இருந்தது. எழும்பிப் போய் "வாழைப்பழம் கொடுத்தேன், இரண்டே முக்காலுக்கு" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் எழும்பவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி, ஆரணிக்குப் பக்கத்தில், வாயைத் திறக்காமல் இருந்தேன். அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் முள்ளை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. உனக்குத் தெரியாத பகுதி இதுதான், தம்பி.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். ஆரணியின் முகத்துக்குப் பயந்தது ஒரு காரணம். அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது, அது உனக்கும் சம்பந்தப்பட்டது. நான் சுவிஸுக்கு வந்து முதல் அகதி விசாரணைக்குப் போனபோது, எனக்கு முன்னால் போய்வந்த ஒருவர் படியில் வைத்துச் சொன்னார்: "தம்பி, கேட்டதுக்கு மட்டும் சொல்லு. கூட்டிச் சொன்னியெண்டால் கூடக் கேப்பாங்கள்." அன்றைக்கு அது என்னைக் காப்பாற்றியது. பிறகு வதிவிட அனுமதி, கடை அனுமதி, சாப்பாட்டுச் சாமான் பரிசோதிக்க வருகிறவர்கள் என்று, பேனையும் கடதாசியுமாக எனக்கு முன்னால் வந்த எல்லோருக்கும் அதையே செய்தேன். கடதாசியை மூட வைக்கிற பதில் எதுவோ அதைச் சொல்லுவேன். அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றுவதில்லை. அந்த டாக்டர் என் பேரனுக்கு உதவி செய்ய வந்தவர் என்பதை என் தலை அறிந்திருந்தது, என் வாய் அறியவில்லை.

இதை உனக்கும் பழக்கினேன். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆசிரியை எல்லாப் பிள்ளைகளையும் கேட்டார். நீ புட்டும் மீன்குழம்பும் என்று சொல்லியிருக்கிறாய். அடுத்த நாள் உன் பையில் ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்து முத்திரையைக் கண்டதும் மடித்து வைத்துவிட்டேன், முழுதாக வாசிக்கவில்லை. மீன் மணக்கிற பிள்ளை என்று முறைப்பாடு வந்திருக்கிறது என்று நினைத்தேன். உன்னைக் கூப்பிட்டு, இனிமேல் கேட்டால் பாணும் பாலும் என்று சொல் என்றேன். "நான் பால் குடிக்கிறேல்லையே அப்பா" என்றாய். "குடிக்கிறனெண்டு சொல்லு" என்றேன். மாதங்கள் கழித்துப் பெற்றோர் கூட்டத்தில்தான் தெரியவந்தது, அந்தக் கடிதம் ஓர் அழைப்பு. எல்லா வீட்டுக் காலைச் சாப்பாட்டையும் ஒரு நாள் வகுப்பில் வைத்துச் சாப்பிடப் போகிறோம், உங்கள் புட்டைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சாப்பாட்டு நாளில் நீ இரண்டு துண்டுப் பாணோடு போய் இருந்திருக்கிறாய். அதை நீ எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் சொல்லும் பிள்ளையாக நான்தான் உன்னை ஆக்கியிருந்தேன். இப்போது நீ எனக்குப் "பரவாயில்லை" என்று சொல்லும்போது அதே பாணும் பாலும்தான் கேட்கிறது. அகரனுக்கு இதைப் பழக்காதே. எவ்வளவு பெரிய கடதாசியோடு யார் வந்து கேட்டாலும் முழுதையும் சொல்லுகிற பிள்ளையாக அவன் வளரட்டும்.

இனி மீன் கேக் கதைக்கு வருகிறேன். ஆரணி நோர்வேயின் வடக்கில் பிறந்தவள், தகப்பனும் தாயும் மீன் தொழிற்சாலையில் நின்றே அவளைப் படிப்பித்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்குச் சம்மந்தி அம்மா ஒரு பெரிய பெட்டி நிறைய அங்கத்தைய மீன் கேக்குகள் செய்து உறைய வைத்துக் கொண்டுவந்திருந்தா. கலியாணம் முடிந்து நாலாம் சடங்கு அன்று, மீனும் இறைச்சியுமான மச்சச் சாப்பாட்டு மேசையில், எங்கள் கட்லட்டுக்குப் பக்கத்தில் அதையும் பொரித்து வைத்தார்கள். வட்டமாக, வெளிறிப்போய், மிளகாய் இல்லாமல் இருந்தது. நான் ஒன்றைக் கையில் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி, "இது ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் துண்டு வெட்டிக்கொண்டு வந்த கட்லட்" என்றேன். சபை சிரித்தது. சம்மந்தியும் சிரித்தா. ஆரணி சிரிக்கவில்லை. அந்தப் பகிடியை நான் நல்ல பகிடி என்று நினைத்து இரண்டு வருடம் சொல்லித் திரிந்தேன். உங்கள் வீட்டில் அகரனுக்கு மீன் என்றால் அதுதான், அதில் முள் வராது என்று அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். "முள்ளில்லாத மீன் மீனோ பிள்ளை?" என்று கேட்டவன் நான்.

அந்தக் கீட்டாச் சங்கதி காதில் விழுந்த அன்று சம்மந்திக்கு அடித்தேன். சுகம்கூட விசாரிக்காமல் நேரே கேட்டேன்.

"அந்த மீன் கேக் எப்பிடிச் செய்யிறது?"

"ஆஸ்பத்திரிக் கட்லட்டோ அண்ணை?"

"ஓம். அதுதான்."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பேனை எடுங்கோ" என்றா.

நான் எடுக்கவில்லை. மீனைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லி நான் எழுதுவதோ என்ற எண்ணம். என் ஃபிரீசரில் இருந்த மீனை எடுத்து, நாங்கள் கழுவுகிற மாதிரி மஞ்சள் போட்டு, தேசிக்காய் பிழிந்து, இரண்டு தண்ணீரில் அலசி, பிழிந்து எடுத்து அரைத்தேன். சட்டியில் போட்டதும் மண்வீடு மாதிரி உதிர்ந்தது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் உதிர்ந்தது. உதிர்ந்ததையெல்லாம் அம்மா தேங்காய்ப்பூப் போட்டு வறையாக்கினாள். "கடைக்கு வாற சனம் கேக்குது, அண்ணை மேல என்ன, மா மில் போட்டிட்டாரோ எண்டு. தேத்தண்ணி ஊத்தத் தெரியாத மனுசன் மிசினோட நிக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே கிளறினாள். பிறகு திரும்பவும் சம்மந்திக்கு அடித்தபோது அவ முதல் கேள்வியிலேயே பிடித்துவிட்டா.

"மீனை என்னத்தில கழுவினனீங்கள்?"

"மஞ்சளும் தேசிப்புளியும். வேற என்னத்தில கழுவிறது?"

"அதுதான். புளி பட்டால் மீன் அரைவாசி அவிஞ்ச மாதிரி. அவிஞ்ச மீன் ஒண்டோடொண்டு ஒட்டாது அண்ணை."

"கழுவாட்டி மணக்குமே."

"மணக்கிற மீனை ஏன் வாங்கினனீங்கள்? நீங்கள் மீன் கடைக்காரன்தானே?"

பேனை எடுத்தேன்.

நீ ஒருநாள் செய்ய வேண்டி வரும், அதனால் இதையும் எழுதுகிறேன். மீன் உறைந்து கிடந்ததாக இருக்கக்கூடாது. ஆகவே நான், முப்பது வருடமாக உறைந்த மீன் விற்கிறவன், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சுவிஸ் கடையின் மீன் பகுதியில் போய் வரிசையில் நின்று, தோல் நீக்கிய வெள்ளை மீன் அரைக் கிலோ கேட்டேன். நடுவில் முள் ஓடுகிற கோட்டை இரண்டு பக்கமும் சரித்து வெட்டி, அந்தப் பட்டியை அப்படியே எறிந்துவிட வேண்டும். ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்குகிற கெட்டித்தனம் வேண்டாம். மீனையும் அரைக்கிற கிண்ணத்தையும் ஃபிரீசரில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும், எல்லாம் குளிராக இருக்க வேண்டும். பிறகு முதலில் உப்பு. நாங்கள் எல்லாம் முடிந்து கடைசியில் உப்புப் பார்க்கிறவர்கள், இதில் அது பிழை. ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட உப்பை மீனோடு மட்டும் போட்டு அரைத்தால் அது பசை மாதிரி இழுபடும். அந்த இழுபாடு வராமல் வேறொன்றும் போடக்கூடாது. அதன்பிறகு இரண்டு மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மா, சாதிக்காய்த் தூள், வெள்ளை மிளகு. குளிர்ந்த பால் ஒரு சின்னக் கோப்பை, கொஞ்சம் கொஞ்சமாக, அரைத்தபடியே விட வேண்டும். எனக்குப் பொறுமை இல்லாமல் ஒரு தரம் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றிக் கஞ்சியாக்கினேன், அந்தக் கஞ்சியும் வறைக்குத்தான் போனது. நனைத்த கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் உருட்டித் தட்டி, வெண்ணெயில், நடுத்தர நெருப்பில், இரண்டு பக்கமும் பொன்னிறமாக வேக விட வேண்டும். விரலால் அமத்தினால் திரும்பி எழும்ப வேண்டும். எழும்பினால்தான் சரி.

சம்மந்தி சொல்லாத ஒரு வேலையை நானாகச் சேர்த்தேன். அரைத்த மீனை மா போடுவதற்கு முன் கம்பிச் சல்லடையில் வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கினேன். சல்லடையில் ஒரு முள் நின்றது. கண்ணிமை மயிர் அளவுதான். பட்டியை வெட்டி எறிந்து, விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்து, இல்லை என்று நான் உறுதி சொன்ன மீன் அது. அந்த முள்ளை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். தம்பி, என் விரலை இனி நம்பக்கூடாது. எனக்கு அறுபத்தைந்து வயது என்று அந்த முள்தான் சொன்னது. எத்தனை மதியம் அந்த விரலை நம்பி அவனுக்கு ஊட்டினேன் என்று எண்ணிப் பார்த்தேன். வயதுபோவதை மறைக்கிறவனிடம் பிள்ளையை விடுவது ஆபத்து. அதை நீ என்னிடம் சொல்லக் கூச்சப்படுவாய். நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஞாயிறு ஆரணியும் அகரனும் வந்தார்கள். வேலை இருக்கிறது என்று நீ வரவில்லை. சாப்பிட்டுப் பார்க்க வரும்படி சம்மந்தி மூலமாகத்தான் கேட்டிருந்தேன், நேரே கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சுட்டு வைத்த தட்டை மேசையில் வைத்தேன். உன் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, இது கேக் இல்லை. மெழுகுதிரி எங்க?" என்றான். ஆரணி ஒன்றை எடுத்தாள். முள்ளுக்கரண்டியால் அமத்தினாள், எழும்பியது. சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஒவ்வொரு துண்டையும் விரலுக்கு நடுவில் நசித்துப் பார்த்து, பிறகுதான் தன் வாயில் வைத்தாள். நான் என் முழு வாழ்க்கையிலும் ஒரு சாமானைக் கொடுத்துவிட்டு வாங்குகிறவரின் வாயை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

"சாதிக்காய் கூடிப்போச்சு மாமா," என்றாள். "மற்றும்படி அம்மாட மாதிரித்தான்."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். அவளுடைய முகம் இளகியிருந்தது. கீட்டாவைப் பற்றிக் கேட்டிருந்தால் நல்ல பதில் வந்திருக்கும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்றுதான் நானும் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் உள்ளே அழுகிய பழத்தை அடியில் வைத்து, மேலே நல்லதை அடுக்கி, பெட்டியை விற்ற பிறகு சொல்வதற்குப் பேர் சொல்வது இல்லை. அவள் அகரனுக்கு ஒரு துண்டை நீட்டப் போனபோது, "கொஞ்சம் பொறு பிள்ளை" என்றேன். சோற்றுருண்டை, வாழைப்பழம், டாக்டருக்குச் சொன்னது, கதிரையில் இருந்த ஒரு மணித்தியாலம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் கையில் இருந்த தேத்தண்ணித் தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

"எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள்?" என்று ஆரணி கேட்டாள்.

"ரெண்டே முக்கால்."

"எவ்வளவு?"

"அரைப் பழம்."

"நான் உங்களுக்குப் பக்கத்தில இருந்தனான் மாமா. முழங்கை முட்ட."

"ஓம் பிள்ளை."

அவள் எழும்பிப் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அம்மா என்னைப் பார்த்து, "என்னட்டையும் சொல்லேல்லை" என்று மட்டும் சொன்னாள். அகரன் மேசைக்குக் கீழே ஒரு கரண்டியை ட்ராம் ஆக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். இனி இந்த மேசைக்குக் கீழே ட்ராம் ஓடாது என்று நான் நினைத்தேன். அவனுடைய சப்பாத்து வாசலில் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றுகூடப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஆரணி திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் சரியாக இருந்தது. இருந்த இடத்தில் இருந்து, பாதியில் நின்ற அந்தத் துண்டை எடுத்து, இன்னொரு தரம் நசித்துப் பார்த்து, மகனின் வாயில் வைத்தாள். அவன் சாப்பிட்டான். இன்னொன்று கேட்டான்.

"எனக்குக் கோவம் இருக்கு மாமா. அது போக நாளெடுக்கும், போன மாதிரி நடிக்க மாட்டன்," என்றாள். "நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒருநாளும் தெரிய வந்திராது. அதையும் யோசிச்சுத்தான் கதைக்கிறன். நீங்கள் வியாபாரிதானே. கதைப்பம். நாலு புதன் பாப்பம்."

நான் பன்னிரண்டு என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். கேட்கும் உரிமை எனக்கு இருக்கவில்லை. அம்மாதான் குறுக்கே வந்தாள். "நாலில ரெண்டு தடிமனில போயிடும், ஒண்டு மழையில போயிடும். மிச்சம் ஒண்டில இந்த மனுசன் என்னத்தைத் திருந்திறது? எட்டு வை பிள்ளை." அந்த ஐந்து கிழமையில் ஆரணி சிரித்ததை நான் கண்டது அப்போதுதான். ஒரு நொடிதான் சிரித்தாள்.

நாங்கள் பேசி முடித்தது இதுதான், தம்பி. வருகிற புதனிலிருந்து எட்டுப் புதன்கிழமை, காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரை வரை. அம்மா அந்த நாளில் கடைக்கு ஆள் விட்டுவிட்டு மேலே நிற்பாள். இந்த வீட்டில் அகரனுக்கு மீன் என்றால் அந்தக் கேக் மட்டும், நான் செய்தது, சல்லடையில் இறங்கியது, அவனுடைய துண்டில் பாதியை முதலில் நான் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். சோற்றுருண்டை வைத்தியம், வாழைப்பழ வைத்தியம் இரண்டும் இந்த வீட்டில் இனி இல்லை. அவனுக்கு என்ன நடந்தாலும் முதல் அழைப்பு ஆரணிக்கு, அடுத்தது உனக்கு, அதற்குப் பிறகுதான் எனக்குப் பயப்பட நேரம். டாக்டர் கேட்டாலும் கீட்டாக்காரர் கேட்டாலும் முழுதும், மணிக்கணக்கோடு சொல்ல வேண்டும். கீட்டாவுக்கு இந்தத் தடவை வேண்டாம் என்று அவள் பதில் கொடுப்பாள், ஆனால் காத்திருப்போர் பட்டியலில் அகரனின் பெயர் அழிபடாது, இதில் ஒன்றை நான் மீறினால் அடுத்த இடம் அவனுக்கு. இந்தக் கடிதமும் ஒப்பந்தத்தில் சேர்த்தி. ஒன்றும் விடாமல் எழுதி, நாளை செவ்வாய்க்கிழமை உன் கையில் கிடைக்க வேண்டும். நீ வாசித்துவிட்டு எனக்கு அடிக்க வேண்டும், கத்தலாம், "பரவாயில்லை" என்ற சொல் மட்டும் கூடாது, நீ ஓம் என்றால்தான் முதல் புதன். கேக்கில் சாதிக்காய் இனிப் பாதி.

அப்பா